நெல்லை விட்டுப் புல்லை மட்டும்

இரும்புலியூர்

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பனிக்கு அப்பாவின் முழங்கால் வலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது, அங்கே ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், இது பாதியில் விடுகிற சேதி இல்லை. நம் அகரம்தென் நிலம் பிழைத்துக்கொண்டது ஜெயா!

இந்த நவரைப் பட்டத்துக்கு நாற்று நட ஆளே கிடைக்கவில்லை, எல்லோரும் அபார்ட்மெண்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். நான்தான் பிடிவாதமாக, முளைகட்டிய விதையை நேராகச் சேற்றிலேயே விதைக்க வைத்தேன். நெல்லோடு குதிரைவாலிப் புல்லும் கூடவே கிளம்பிவிட்டது, ஒரே உயரம், ஒரே பச்சை, களை பறிக்கப் போனால் நெல்லும் சேர்ந்து வருகிறது. அப்பா பார்த்துவிட்டு, விவசாயம் போதும், பக்கத்து நிலத்து லோகநாதன் மாமா மாதிரி மண் கொட்டி லாரி நிறுத்த விட்டுவிடலாம் என்று மண் அடிக்கிறவரிடம் பேசியே விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேளாண்மை ஆபீசுக்கு ஓடி மெட்டில்டா மேடத்தைக் கையோடு கூட்டி வந்தேன். புல்லை மட்டும் கொல்லுகிற மருந்து இருக்கிறது என்றார். நெல்லும் ஒரு புல்தானே மேடம் என்று கேட்டேன். "நெல்லு அந்த மருந்தைச் செரிச்சிடும்மா, இந்தப் புல்லுக்கு அது முடியாது, ஆனா புல்லு சின்னதா இருக்கும்போதே அடிச்சிடணும்" என்றார்.

அப்பா தெளிப்பானைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, காற்றில்லாத காலையாகப் பார்த்து, அவருடைய முழுக்கைச் சட்டை, மாஸ்க், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நானே முதுகில் தூக்கி அடித்தேன் என்றால் நம்புவாயா? மேடம் சொன்னபடி அப்புறம் தண்ணீர் கட்டினேன். ஆனால் நெல் நுனியும் லேசாக மஞ்சளித்தது. லோகநாதன் மாமா வரப்பில் நின்று, "இன்னா சுபத்ரா, நெல்லையே கொளுத்திட்ட போல கீதே" என்றார்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தனியாக வயலுக்குப் போன அப்பா போன் பண்ணி, உடனே கிளம்பி வா என்று வைத்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஓடினேன். போனால் மனுஷன் வலிக்கிற காலோடு சேற்றுக்குள் நிற்கிறார்! ஒரு புல்லின் குருத்தைப் பிடித்து இழுத்தார், அடி அழுகிக் கையோடு வந்தது. பக்கத்திலேயே நெல் புது இலை விட்டு நிற்கிறது. "நெல்லு நிக்குதுடி, புல்லு மட்டும் போயிடுச்சு" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். சேற்றுக் கையோடே மண்காரருக்குப் போன் போட்டு, வண்டி அனுப்பாதே, வயலில் பயிர் இருக்கிறது என்றார். நான் அழுதுவிட்டேன்.

கோரை இந்த மருந்துக்குச் சாகாதாம், அதைக் கையால் பறித்துக்கொண்டிருக்கிறோம். சித்திரையில் அறுப்பு, இப்போதே லீவு சொல்லி டிக்கெட் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் மனசும் வயிறும் நிறைந்து நீண்ட காலம் வாழ வேண்டும். இதைப் படித்துப் பார்த்த அப்பா, மருந்து அடித்தது நான்தான் என்பதை இன்னும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா சுபத்ரா