அப்பாவுக்கு ஒரு பயண அட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் தில்காராவில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிக் காலுறையை மறக்காதீர்கள். நான் நலம். நூலக வேலை கிடைத்துவிட்டது. கிடைக்காவிட்டால் படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்திருக்குமே, இப்போதுதான் மூச்சு வருகிறது.

நேர்காணல் அன்று சிரிப்பாக ஒன்று நடந்தது. பேருந்தில் என் பயண அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை. அதில் பணம் தீர்ந்து, கடனாக விடும் அளவையும் தாண்டிவிட்டேன். புவெனோஸ் ஐரெஸ் பேருந்துகளில் காசு வாங்குவதில்லை. ஓட்டுநர் பின்னால் திரும்பி, "யாராச்சும் இந்தப் பொண்ணுக்கு அட்டைய ஒரு தட்டு தட்டி விடுங்கப்பா, அழுதுடும் போல இருக்கு" என்றார். காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் எழுந்துவந்து இயந்திரத்தில் எனக்காகத் தன் அட்டையைத் தட்டினார். நான் காசை நீட்டினேன்.

"உள்ள வை கண்ணு. நாளைக்கு நீ வேற ஆளுக்குத் தட்டு. மொதல்ல மூக்கத் தொடச்சுக்கோ, இப்படியே போனா எவன் வேலை குடுப்பான்?"

அந்த வாரத்தில் வேறு யாரும் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசவில்லை.

நேற்று ஒரு பெரியவருக்காக நான் என் அட்டையைத் தட்டினேன். உங்களைப் போலவே தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார்.

நீங்கள் வரும்போது நிலையத்தில் அட்டை வாங்க வேண்டாம். பெயர் பதியாத அட்டைக்குக் கட்டணம் அதிகம். உங்கள் அடையாள எண்ணை அனுப்புங்கள். ஓய்வூதியக்காரர் என்று பதிந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் பிடிப்பார்கள். கொஞ்சம் உலர்ந்த சோளமும் கொண்டுவாருங்கள். எப்போது வருவீர்கள் என்று போன கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கான அட்டையை வாங்கி, பணமும் போட்டுவிட்டேன்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பேருந்து வருகிறது.

உங்கள் மகள்,
யூலாலியா