அகலமாய்ப் போன அந்த ஒரு பட்டை

என் உயிரான அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னோடு ஒரு நாள் பேசாவிட்டாலே எனக்கு வாய் அரிக்கும், தெரியாதா உனக்கு? செஞ்சியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோட்டை பார்க்க வரும் கார்களால் ஞாயிற்றுக்கிழமை ரோட்டைக் கடக்க முடியவில்லை. நம் பட்டறையில் உன் நாற்காலி போன மாதம் வரை காலியாகத்தான் இருந்தது.

இருபது வருஷம் அருகருகே உட்கார்ந்து கல்லுக்குப் பட்டை தீட்டினோம். மேல்பக்கம் நீ, அடிப்பக்கம் நான். நீ தீட்டும் எட்டுப் பட்டைகளில் ஒன்று மட்டும் வரவரக் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போனது. நீ நொந்துபோவாய். நான் சும்மா இருந்தேனா? கல் வாங்க வரும் கடைக்காரர்கள் எதிரிலேயே "கோணக்கை" என்று சொல்லிச் சிரித்தேன்.

அதைவிடப் பெரிய பாவமும் செய்தேன். என் மகள் செல்விக்குக் கல்யாணம் முடிவானதும், "மூக்குத்திக் கல்ல நான் தீட்றேன்டி" என்று ஆசையாகக் கேட்டாய்.

"நீ தொடாத. எம்பொண்ணு மூக்குல கோணல் கல்லா மின்னணும்?" என்றேன்.

நீ எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாய். அதற்கு மூன்றாவது வாரம் மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவே இல்லை.

போன மாதம் ஆர்டர் வந்தது. மேல்பக்கம் தீட்ட ஆளில்லாமல் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கல்லை அரக்கால் ஒட்டும் குச்சி, அதன் பின்னால் எட்டு முகமுள்ள உன் மரக்கட்டை. ஒரு முகத்தைப் பலகையில் படிய வைத்தால் கல் சுற்றும் சாணையில் உரசி ஒரு பட்டை விழும். உனக்குச் சொல்லவா வேண்டும், வாய் அரிப்பில் சொல்கிறேன். முதல் கல்லிலேயே ஒரு பட்டை அகலமானது. இரண்டாவதிலும் அதே பட்டை. அடிப்பாவி, என் கைக்குமா!

கட்டையைக் கண்ணாடிமேல் வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு முகத்தின் அடியில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது; அந்த முகம் தேய்ந்துபோனதால்தான் கல் ஆழமாக இறங்கிப் பட்டை அகலமாகியிருக்கிறது. திருப்பினால் மரத்தின் இழையெல்லாம் குங்குமச் சிவப்பு.

ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் நான்தானே பொட்டு வைப்பேன்? மூத்தவள் கட்டை என்று உன் கட்டைக்கு மட்டும், எப்போதும் அந்த ஒரே முகத்தில். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுப்பேன். இருபது வருஷமாக அதைத் தேய்த்துக் குறைத்தவள் நான்.

"கட்டைக்கு வாணாம்டி, மிஷினுக்கு மட்டும் வை" என்று ஒரு வருஷம் சொன்னாயே. "சாமி காரியத்துல குறுக்க வராத" என்று எரிந்து விழுந்தேன். அப்போதே உனக்குத் தெரியுமா, அக்கா? தெரிந்திருந்தால் கட்டையை மாற்றியிருப்பாயே. இல்லை, நான் குறுகிப் போவேன் என்று வாயை மூடிக்கொண்டாயா?

அன்றைக்கே உன் டப்பாவைத் திறந்தேன். குச்சியில் ஒட்டியபடி ஒரு வெள்ளைக் கல். மேல்பக்கம் முடிந்திருந்தது, அதே அகலப் பட்டையோடு. சுற்றியிருந்த காகிதத்தில் உன் எழுத்தில் "செல்விக்கு". ஓவென்று அழுதேன்.

புதுக் கட்டை வாங்கி, மேல்பக்கத்தைத் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். செல்வி தடுத்தாள்.

"பெரீம்மா கை கோணல்னா அப்டியே இருக்கட்டும்மா."

"உங்க பெரீம்மா கை கோணல் இல்லடி. நாந்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

குச்சியோடு கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். "அப்போ இதுல ரெண்டு பேர் கையும் இருக்குது. வுடும்மா" என்றாள்.

அடிப்பக்கத்தை உன் பட்டைகளுக்குப் பொருந்தத் தீட்டி முடித்தேன். உன் துக்கத்துக்காகத் தள்ளிவைத்த கல்யாணம் அடுத்த மாதம். கடைக்காரர்களும் வருவார்கள், கல் பார்த்துப் பழகிய கண்கள், கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்னே மண்டபத்தில் எல்லோரும் கேட்க நானே சொல்வேன்: "எங்க அக்கா கை எப்பவும் நேருதான். இது நான் கெடுத்தது." சத்தியம்.

இப்படிக்கு,
உன் கோணக்கைத் தங்கச்சி