கதவு பாதியில் நின்ற இடம்

ஆனி 28, வெள்ளி

காலையிலிருந்து சாரல். துவைத்த வேட்டி இரண்டு நாளாகக் காயவில்லை.

சினிமா சங்கத்து வாத்தியார் வந்தார். குற்றாலத்துப் பங்களாவில் நாங்கள் வேலை பார்த்த பேய்ப் படம் எடுத்தது எந்த வருடம் என்று கேட்டார். எண் தெரியாது. அரிசிக்கு வரிசையில் நின்ற வருடம். தென்காசிக் கோபுரம் இன்னும் பிளந்து மொட்டையாக நின்றது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம். அவர் ஏதோ கணக்குப் போட்டு எழுதிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் படம் போடுதோம் அண்ணாச்சி. நீங்க மைக்ல சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"கதவு இழுக்கும்போது காலு வழுக்குனது யாருன்னு. ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. பதிவு பண்ணிருவோம்."

சரி என்றேன்.

நான் பள்ளிக்கூடம் மிதித்தவன் இல்லை. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் பழக்கிவிட்டாள். என்ன விழுந்திருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. எனக்காகத்தானே.

அந்தப் படத்தைப் போல் இன்னொன்று வரவில்லை. பேய் முகம் கடைசிவரை கிடையாது. வீடுதான் பேய். வயலின் கியலின் ஒன்றும் இல்லை, ஓட்டில் விழுகிற குற்றாலத்துச் சாரல் மட்டும். அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசை. ஆள் நாலு, தட்டு ஐந்து. படத்தில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். எனக்கே மூன்றாவது தடவைதான் தெரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது வருகிற பேய்கள் பவுடர் பூசிக்கொண்டு கத்துகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலே, கதவு.

ஆனி 29, சனி

சாரல் விட்டு விட்டு. முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

பேய் வீட்டுக் கதவு தானாகத் திறக்கிற மாதிரித் தெரிய, ஒரே ஆள் மறைவில் நின்று நூல் கட்டி இழுப்பதாகத்தான் ஏற்பாடு. சீசன் ஈரம் குடித்து மரம் உப்பிவிட்டது. அடி தரையைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. நூலை எடுத்துவிட்டுக் கயிறு கட்டினார்கள். வெளியே தெரியாமலிருக்கக் கரி பூசி, இழுக்க நாலு பேர். இசக்கி மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன். என்னை வேலைக்குக் கூட்டிப்போனவர். செல்லையா. செங்கோட்டைச் சமையல்காரர் குஞ்ஞப்பன். நான்.

உள் அறையில் இருட்டு. கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். இழுத்தோம். கர்ரென்று வந்தது. பாதியில் என் கால் வழுக்கியது. கயிறு தொய்ந்து கதவு நின்றது. அந்தப் பக்கம் கதாநாயகி முடிந்துவிட்டது என்று நினைத்து மூச்சு விட்டு லேசாகச் சிரித்துவிட்டாள். எழுந்து மறுபடி இழுத்தோம். அவள் போட்ட கூப்பாடு நடிப்பு இல்லை.

மானேஜர் ஓடி வந்தார். "எவன்டா கயித்த விட்டது?"

"நாந்தான் சார்" என்றார் மச்சான். அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பின்னாலேயே போய், எதுக்கு மச்சான் என்று கேட்டேன். "புது மாப்பிளய நாலு பேரு முன்னால ஏசினா என் தங்கச்சி மொகம் எப்படி இருக்கும்? பேசாம சோலியப் பாரும்வே."

படம் வந்தது. அந்த நிறுத்தத்தை வெட்டாமல் வைத்திருந்தார்கள். கொட்டகையே அலறியது. அன்றிலிருந்து மச்சான் 'கதவு இசக்கி'. மாலை போட்டார்கள். மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடித்தார். கை தட்டினவர்களில் முதல் ஆள் நான். என் வீட்டுக்காரி அண்ணன் பெருமையைப் பேசிப் பேசியே போய்ச் சேர்ந்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

ஒரு தடவை மச்சானே கேட்டார். "வருத்தமா மாப்ள?"

"போங்க மச்சான்."

கொஞ்சம் இருந்தது.

நாளைக்கு மைக், ஆள், பதிவு எல்லாம் இருக்கும். படத்திலேயே பெரிய இடம் என் காலால் வந்தது. ஒரு தடவையாவது சொல்லலாமா?

ஆனி 30, ஞாயிறு

வெயில். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள் மருமகள்.

மச்சான் மகள் முத்துலட்சுமி சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். புதுச் சேலை. பக்கத்து நாற்காலி.

"எங்கப்பா எடம் எப்ப வரும் மாமா? ஒண்ணுக்குக் கிண்ணுக்குப் போயிராம இருக்கணும்லா."

"நான் சொல்லுதேன், இரு."

மண்டபம் நிறையக் கூட்டம், பாதிக்கு மேல் சின்ன வயது. சாப்பாட்டு மேசை வந்தபோது முன்வரிசையில் ஒருத்தன், "ஏலே, தட்ட எண்ணுலே!" முதல் தடவையிலேயே கண்டுபிடித்துவிட்டான்! நானே பரிசு வாங்கினது போல இருந்தது.

கதவு. நின்றது. அவள் சிரித்தாள். மண்டபமும் மூச்சு விட்டது. மறுபடி நகர்ந்தது. அலறல். பின்னால் யாருடைய கடலையோ தரையில் கொட்டிச் சிதறியது. முத்துலட்சுமி என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு பின்வரிசைப் பெண்ணிடம் திரும்பி, "எங்கப்பாதான் அது, எங்கப்பா" என்றாள்.

விளக்குப் போட்டார்கள். வாத்தியார் மைக்கை நீட்டினார். "யாரு அண்ணாச்சி வழுக்குனது?"

"இசக்கி. என் மச்சான். கதவு இசக்கின்னா தென்காசிக்கே தெரியும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முத்துலட்சுமி எழுந்து எல்லாருக்கும் கும்பிட்டாள். நானும் தட்டினேன். முதல் ஆள்.

ஆனி 31, திங்கள்

மறுபடி சாரல். தைலம் வாங்கியாயிற்று.

வாத்தியார் போன் போட்டார். கயிறு பிடித்த நாலு பேரையும் எழுத வேண்டுமாம், யார் யார் இருக்கிறார்கள் என்றும். சொன்னேன். அவரிடம் சொன்னது பேர் மட்டும். இந்தப் போனிடம் முழுதும்.

செல்லையா இல்லை. குஞ்ஞப்பன் இல்லை. இசக்கி மச்சான் இல்லை. கால் வழுக்கின மாடசாமி இருக்கிறான்.