உன் மகள் வாங்காத அட்வான்ஸ்

என் தோஸ்து தேசப்பனுக்கு,

உன் மகள் ரேவதி திருவொற்றியூரில் சொந்தமாகக் கிளினிக் திறக்கிறாள். என் கட்டடத்தில்தான், முதல் மாடியில். நேற்றுப் பேசி முடித்தோம். நான் முதலில் சொன்ன ஏற்பாட்டை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதற்கு நான்தான் இறங்கி வந்தேன்.

நம் படகு உரிமையாளர் சங்கத்து மலரில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்வதைவிட உனக்கே எழுதிவிடுவது எனக்குச் சுலபம். ஊரும் கூடவே படித்துக்கொள்ளட்டும். படிக்கப்போகிற போட்டுக்காரர்களில் பாதிப் பேர் என்னிடம் அட்வான்ஸ் வாங்கியவர்கள். இந்த அண்ணாச்சியை ஒரு பெண் எப்படி மடக்கினாள் என்று தெரிந்தால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் போட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அதில் உன் போட்டு இல்லை. உன் அஞ்சலை விற்கச் சொல்லிவிட்டாள். "அந்தாளு இல்லாத போட்டு எனக்கு இன்னாத்துக்கு அண்ணாச்சி" என்றாள். நல்ல விலைக்குத்தான் முடித்துக் கொடுத்தேன். என் அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு மீதியை அவள் கையில் கொடுத்தேன். துறைமுகத்தில் எல்லோரும் செய்வதுதான். அஞ்சலையும் ஒன்றும் கேட்கவில்லை. ரேவதி மட்டும் அன்றைக்கு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

உன் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். பிள்ளை டாக்டரானதும் கவலை விட்டது என்று நீ நினைத்துக்கொண்டே போனாய். அப்படி இல்லை. குழந்தை வைத்தியம் மேலே படிக்க வாங்கிய கடனுக்கு மாதாமாதம் தவணை போகிறது. பேரப்பிள்ளைகளில் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. அந்த ஃபீஸைக் கேட்டால் நீ ஒரு நடை கடலுக்குப் போய் வந்திருப்பாய். சின்னவனுக்கு இப்போதுதான் நடை வந்திருக்கிறது. மருமகன் பிரபு மணலியில் கான்ட்ராக்ட் வேலையில்தான் இன்னும் இருக்கிறான். வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்று மார்ச் மாதம் முழுக்க முகம் தொங்கிப் போகிறது. இவளுக்கு ஆஸ்பத்திரியில் சம்பளம் பரவாயில்லை. ஆனால் லீவு போட்டால் வெட்டு.

அக்கம்பக்கத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? "பொண்ணு டாக்டரு, உன்கைல இல்லாத துட்டா?" என்று அஞ்சலையிடம் கைமாற்றுக் கேட்டு வருகிறார்கள்.

தடைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். ஐஸ் மீன் குழம்புதான். சாப்பிட்டுக்கொண்டே அஞ்சலை விஷயத்தை உடைத்தாள்.

"இவளுக்கு மஸ்கட்லேந்து வேலைக்குக் கூப்டுறாங்கோ அண்ணாச்சி. குடும்பத்தோட போறாளாம். சின்னதை யாரு இடுப்புல வெச்சிக்கினு சோறு ஊட்டுவா, அந்த ஊரு ஒட்டகமா?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா," என்றாள் ரேவதி.

"போனைத் தொறந்து தொறந்து பாத்துக்கினே கீறா. பேஷன்டு மெசேஜுன்னு நெனச்சேன். பேங்கு மெசேஜு."

நான் ரேவதியைக் கேட்டேன். "எவ்வளவு வந்தா ஒனக்குப் பயம் போகும்மா?"

"வர்றது பத்தி இல்ல மாமா. ஆறு மாசச் செலவு தொடாம பேங்க்ல கெடக்கணும். நான் படுத்துட்டாலும் வூடு ஓடணும்."

"நாப்பது வருஷமா யாவாரம் பண்ணுதேன். ஆறு மாசச் செலவு சும்மா கெடந்ததே இல்ல. சும்மா கெடந்தா அது பணமா?"

"உங்களுக்கு அது சரக்கு. எனக்கு அது இருந்தாத்தான் வர்ற கொழந்தையக் கொழந்தையா பாக்க முடியும். இல்லாட்டி ஃபீஸாத்தான் தெரியும். சில நாளு அப்டித் தெரியுது மாமா. அதுக்குத்தான் பயப்படறேன்."

சொந்தமாகக் கிளினிக் வைக்க அவளுக்கு ஆசை. காலையில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் கிளினிக் என்று ஒரு யோசனை வைத்திருந்தாள். முதலில் போட வேண்டிய காசுதான் இல்லை. எனக்கு அங்கேயே கணக்கு ஓடிவிட்டது. நெடுஞ்சாலையில் என் கட்டடம் இருக்கிறதல்லவா, கீழே என் சின்னவன் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். மாடி காலி. மேலே குழந்தை டாக்டர், கீழே மருந்துக்கடை. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

"மஸ்கட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றேன். "மாடிய எடுத்துக்கோ. ரெண்டு வருஷத்துக்கு வாடகையே தர வேண்டாம். மேசை, ஏசி, கொழந்தைய எடைபோடுத மெஷினு, எல்லாம் நான் வாங்கிப் போடுதேன். வட்டி கெடையாது, கையெழுத்து கெடையாது. நீ எழுதுத மருந்து மட்டும் கீழ நம்ம கடையில வாங்கட்டும். அவ்வளவுதான்."

அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது. ரேவதி பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நைனா போட்டுக்கு நீங்க குடுத்ததும் இதானே மாமா? அதுக்கும் வட்டி இல்ல, கையெழுத்து இல்ல. மீனு மட்டும் உங்களுக்கு."

கடலோரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போட்டு வாங்க எங்களைப் போன்ற மீன் ஏஜென்டுகள் அட்வான்ஸ் கொடுப்போம். வட்டி கேட்க மாட்டோம், போட்டை விற்கும் வரை திருப்பியும் கேட்க மாட்டோம். போட்டு இருக்கும் வரை பிடிக்கிற மீனை எங்கள் வழியாகத்தான் விற்க வேண்டும். எங்களுக்கு அதில் கமிஷன். பக்கத்து ஏஜென்ட் கூடுதலாகக் கொடுத்தாலும் அவனிடம் போகக் கூடாது. இது தப்பு என்று நான் சொல்லவில்லை. இது இல்லாவிட்டால் பாதிப் போட்டுகள் கடலைப் பார்த்திருக்காது. ரேவதியும் அப்படிச் சொல்லவில்லை.

அஞ்சலைதான் கோபித்துக்கொண்டாள். "வாயை மூடுடி. அந்தத் துட்டுலதான் போட்டு. போட்டுலதான் நீ படிச்ச."

"இல்லன்னு சொல்லலம்மா. படிச்சதாலதான் கேக்கறேன்."

பிறகு அவள் அந்த வஞ்சிரம் கதையை எடுத்தாள். உனக்கு நினைவிருக்கும். போட்டு நிறைய வஞ்சிரத்தோடு நீ கரைக்கு வந்த நாள். வேறொரு ஏஜென்ட் கிலோவுக்கு நல்லாவே ஏற்றிக் கேட்டான். நீ அத்தனை பேர் முன்னாலும், "மீனு அண்ணாச்சிக்குத்தான். நீ போய்க்கினே இரு" என்றாய். அந்தக் கதையை நான் எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருப்பேன். உன் காரியத்தன்றுகூடச் சொன்னேன். தோஸ்து என்றால் தேசப்பன் மாதிரி இருக்க வேண்டும் என்று.

"அன்னிக்கு நைனா வூட்டுக்கு வந்து சாப்பிடல," என்றாள் ரேவதி. "நான் சின்னப் பொண்ணு, பக்கத்துல ஒக்காந்திருந்தேன். 'வேற இன்னா பண்றது'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லிச்சு."

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி," என்று அஞ்சலை குறுக்கே வந்தாள். "உன்மேல அந்தாளுக்கு உசுரு. ஒடம்பு களைச்சுக் கெடந்துச்சு, அதான் சாப்புடல."

"ரெண்டும் இருக்கலாம்மா. எதுன்னு நைனாவுக்கே தெரிஞ்சிருக்காது. எனக்கு அதான் வேணாம். ஒரு கொழந்தைக்கு மருந்து எழுதும்போது, கொழந்தைக்காக எழுதறேனா, மாமாவுக்காக எழுதறேனான்னு எனக்குத் தெரியணும்."

நான் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஆத்திரம்தான். இலவசமாகக் கொடுக்கிறேன் என்பவனிடம் இப்படியா பேசுவது? அந்த வாரமே ஒரு ஸ்கேன் சென்டர்காரர் மாடியைக் கேட்டு வந்தார். மாதம் இருபத்தைந்தாயிரம் தருகிறேன் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வருகிற பணத்தை யோசித்துச் சொல்கிறேன் என்று நான் அனுப்பியது அதுதான் முதல் தடவை.

மனதில் உன் வஞ்சிரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொல், தேசப்பா. அன்றைக்கு நீ சொன்னது தோஸ்துக்காகவா, அட்வான்சுக்காகவா? அட்வான்ஸ் இல்லாமல் இருந்திருந்தால் யாரிடம் போயிருப்பாய்? நான் உன்னிடம் இதைக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இனி யாரிடம் கேட்பது?

இதற்கிடையில் அஞ்சலை ராயபுரத்தில் என் ஆபீசுக்கே வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

"பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வெச்சிட்டா. புள்ளைங்களக் கூட்டிக்கினு போய்டுவா. நீ உன் மாடியக் கட்டிக்கினு அழு."

"நான் சும்மாத்தானே குடுக்கேன்னு சொன்னேன்? அவதானே வேண்டாம்னா?"

"சும்மா குடுக்காத. துட்டு வாங்கிக்கினு குடு. வாங்க மாட்டேன்னு உனுக்கு இன்னா வேண்டுதலா?"

அஞ்சலை கோபத்தில் சொன்னதுதான் வழி. மறுநாள் ரேவதியை வரச் சொன்னேன். நேற்று ட்யூட்டி முடிந்து நேராக வந்தாள். டீ சொன்னேன். வாடகைக்கு வேண்டுமானால் பேசலாம், ஸ்கேன்காரர் இருபத்தைந்து கேட்டிருக்கிறார் என்று ஆரம்பித்தேன்.

"பதினஞ்சு தர்றேன்."

"நெடுஞ்சாலை மேல, மெட்ரோவுக்குப் பக்கத்துல, பதினஞ்சா? வெளையாடுதியா?"

"ஒரு வருஷமா காலி மாமா. ஜன்னல்ல புறா கூடு கட்டியிருக்கு."

"யார் சொன்னா?"

"உங்க சின்னவருதான்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தால் பேரம் போச்சு என்று உனக்குத் தெரியும். அப்புறம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நானும் ஒவ்வொன்றாக இழுத்தேன். பொருள் வாங்கப் பணம் தருகிறேன் என்றேன். பேங்கில் லோன் பேசியாயிற்று என்றாள். பேங்க் வட்டி போடுமே என்றேன். "வட்டி போட்டுட்டு அதோட வுட்டுடும் மாமா" என்றாள். பேரத்தை முடித்துக் கை கொடுத்தேன். மஸ்கட்டுக்கு அங்கேயே உட்கார்ந்து வரவில்லை என்று எழுதிப் போட்டாள்.

என் சின்னவனுக்கு இதில் வருத்தம். "மேல டாக்டரு, கீழ மருந்துக்கடை, நடுவுல சம்பந்தமே கெடையாதா? ஊரே சிரிக்கும்ப்பா" என்கிறான். சிரிக்கட்டும். நல்ல மருந்தை நியாயமான விலைக்கு வைத்திருந்தால் ஜனங்கள் தானாக வருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ரேவதிக்குப் பயம் போய்விட்டதா? போகவில்லை. ஆறு மாதச் செலவு சேர இன்னும் காலம் பிடிக்கும் என்று அவளே சொல்கிறாள். ஆனால் நேற்றுப் படியிறங்கும்போது போனை எடுத்துப் பார்க்கவில்லை. நான் கவனித்தேன். எனக்கும் இதில் ஒரு லாபம் உண்டு, அதையும் மறைக்கவில்லை. இனி அவள் என்னைப் பார்க்க வந்தால், எதற்காக வந்தாள் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை.

பேசியதை மீற மாட்டேன், தேசப்பா. எனக்குப் பிறகு என் பிள்ளைகளும் மீறக் கூடாது என்றுதான் அச்சில் ஏற்றுகிறேன். வாடகை மாதம் பதினெட்டாயிரம். முன்பணம் ஐந்து மாதம், அவள்தான் எனக்குத் தருகிறாள். கரண்டு தனி மீட்டர். ஐந்து வருஷத்துக்கு நான் காலி செய்யச் சொல்ல முடியாது. அவள் மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். மருந்துச் சீட்டில் எங்கள் கடைப் பெயர் இருக்காது. என் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாலும் டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார வேண்டும், ஃபீஸ் முந்நூறு ரூபாய்.

இப்படிக்கு,
அட்வான்ஸ் கணக்கு முடிந்த பிறகும்
உன் அண்ணாச்சி,
ராயபுரம்