முந்நூறுக்காரர்களின் பின்சக்கரம்

மார்ச் 3, திங்கள்

காலையில் நாற்பது கிலோமீட்டர். முழங்கால் முனகியது, காதில் விழாத மாதிரி மிதித்தேன். வரும் ஞாயிறு நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் மூன்றாவது முயற்சி: இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள். போன இரண்டு முறையும் நேரம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தேன். இந்த முறையும் தவறினால் சைக்கிளை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

“ரிட்டயர் ஆனவங்க எல்லாம் பேப்பர் படிக்கிறாங்க. நீங்க மட்டும் ஏன் இப்படி ரோடு ரோடா அலையுறீங்க?” என்கிறாள். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றே பழகிய கால்கள். நாற்காலி அவற்றுக்குத் தண்டனை.

மார்ச் 8, சனி

பம்ப், மாற்று டியூப், வழியில் முத்திரை வாங்க வேண்டிய அட்டை. நான்காவது முறையாகச் சரிபார்த்தாயிற்று. “பரீட்சைக்குப் போற பிள்ளை தோத்துது போங்க” என்றாள் மனைவி.

மார்ச் 10, திங்கள்

நேற்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. இன்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அறுபதாவது கிலோமீட்டரில் எதிர்காற்று. ஐந்து பேர் ஒரே வரிசையாக என்னைத் தாண்டினார்கள். கடைசியில் போனவர் எனக்குத் தெரிந்த பல் டாக்டர்; திரும்பி, “சார், பின்னாடி ஒட்டிக்குங்க. காத்தை நாங்க வாங்கிக்கிறோம்” என்றார். ஒட்டிக்கொண்டேன். அப்பப்பா, என்ன சுகம்! அவருடைய பின்சக்கரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வழித்தாளைக்கூட.

தொண்ணூற்று நான்கில் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் கேட்டேன், “முத்திரை போடுற மேசை எங்க, இன்னும் காணோமே?”

“நாங்க முந்நூறு போறோம் சார். இருநூறுக்காரங்க பதினாலு கிலோமீட்டர் முன்னாடியே இடது பக்கம் திரும்பியிருக்கணுமே!”

எண்பது வரைக்கும் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சாலை. பக்கத்தில் பார்த்து எழுதி மாட்டியவர்களிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன் — அவனுக்கு வேறு வினாத்தாளாக இருந்தால் என்ன செய்வாய் என்று! நானே — நானே அந்தக் காரியத்தைப் பண்ணித் தொலைச்சிருக்கேனே!

திரும்பி வந்து, சரியான வழியில் போய், எல்லாம் சேர்த்து இருநூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர். காலை ஆறுக்குக் கிளம்பிய கணக்கில் இரவு ஏழரைக்குள் முடிக்க வேண்டியது, ஏழு ஐம்பத்திரண்டு. மேசையில் இருந்த பெண் என் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முத்திரை போடவில்லை.

மார்ச் 15, சனி

வாக்கு வாக்குதான். விளம்பரம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். “உப்பு எங்கங்க?” என்றாள். ‘உ’வில் என்றேன். சிரிக்கவில்லை. “மனுஷன் நடமாட முடியல இந்த வீட்டுல” என்றாள். இவை என்ன கால்கள்? ஏன் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன?

மார்ச் 23, ஞாயிறு

சைக்கிளைப் பார்க்க ஒரு வங்கி ஊழியர் வந்தார். தூக்கிப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா சார்?”

நான் தலையாட்டுவதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“பாத்து ஓட்டுங்க தம்பி, பிரேக் சரியாப் பிடிக்காது. இவரை நாலு தடவை கீழ தள்ளியிருக்கு. உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?”

இந்த சைக்கிள் ஒருமுறைகூட என்னைத் தள்ளியதில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.