கம்பி இல்லாமல் எட்டு எண்ணிக்கை

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நம் வாலுப் பெண்ணும் நலம், மோவாயில் ஒரு சின்னச் சிராய்ப்பைத் தவிர. பதறாதே, ஆறிவிட்டது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் உன்னை வேறு வார்டு வேலைக்கு மாற்றிவிட்டார்களா? நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் சேதி. உன் மகள் தேறிவிட்டாள். பாலே வகுப்பில் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் இனி அவள் இல்லை. கூடத்தின் நடுவில், எதையும் பிடிக்காமல் ஆடுகிறவர்களோடு சேர்ந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் அவள் தேறுவாளா என்று நீ போனில் கேட்டபோது மழுப்பினேன். அவள் தேறாவிட்டால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றாய். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் தப்பு என்னுடையது.

வெல்டிங் பட்டறைக்காரன் மகள் நாற்காலியைப் பிடித்துப் பழகுவதா என்று வீட்டு நடையில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்தேன் அல்லவா? ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்து, பாலிஷ் போட்டு, என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன். நடைக்கோடியில் உன் போட்டோ. கழுதை, எப்போதும் உன்னைப் பார்த்தபடியே நின்று பழகியிருக்கிறாள். மறுபக்கம் திரும்பினால் நீ தெரியமாட்டாயே! ஆக எந்நாளும் இடது கை கம்பியில், இடது காலில் நிற்பது, வலது காலைத் தூக்குவது. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை.

வகுப்பில் நடுவில் நிறுத்திப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. இடது காலில் அசையாமல் நிற்கிறாள், வலது காலில் மூன்று எண்ணுவதற்குள் சாய்கிறாள். ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் தகரம், வீட்டில் என்னதான் செய்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். சொன்னேன். முதலில் அந்தக் கம்பியைக் கழற்றுங்கள், மூன்று வாரம் பார்ப்போம், இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் சுவரோரம்தான் என்றார்.

கழற்றினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு அறை நடுவில் நின்றாள். நான் பிடிக்கக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. அவள் சாயும்போதெல்லாம் என் கை தானாக நீளும், பிறகு சட்டைப்பைக்குள் திணித்துக்கொள்வேன். அப்படி ஒரு தடவை விழுந்ததில் வந்ததுதான் அந்த மோவாய்ச் சிராய்ப்பு. அழுதாள், முகம் கழுவினாள், மறுபடி வந்து நின்றாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

நேற்றுதான் பரீட்சை. பாத நுனியை முழங்காலில் வைத்து, ஒற்றைக் காலில் எட்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். இடது கால் சுலபமாக முடிந்தது. வலது காலில் ஐந்துவரை சரி. ஆறில் தோள் ஆடியது, எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கை எதையும் தேடவில்லை. ஏழு. எட்டு. டீச்சர் எண்ணி முடித்த பிறகும் இறங்காமல் நின்றாள், திமிர் பிடித்தவள். மற்ற பெற்றோர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கமாக இல்லை.

எங்கே பார்த்துக்கொண்டு நின்றாய் என்று வரும் வழியில் கேட்டேன். எதிர்ச் சுவரில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று, அதைத்தான் பார்த்தேன் என்றாள். அம்மாவை நினைத்துக்கொண்டாயா என்றேன். எண்ணிக்கை தப்பிவிடும், அதனால் அப்புறம் நினைத்தேன் என்றாள். உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அதனால் வேலையை விடாதே. ஒப்பந்தத்தை முழுசாக முடி, தலை நிமிர்ந்து வா. நடுவில் லீவு கேட்டு எழுதினால் மட்டும், மகளுக்காக என்று காரணம் போடாதே. அவள் தன் காலில் நின்றுவிட்டாள். நடையில் இருந்த உன் போட்டோ இப்போது என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. வேறு காரணம் ஏதாவது எழுதி, சீக்கிரம் ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
வாலின் அப்பா