ரேடியோவைக் கூட்டி வைத்தவர்கள்

என் மாரியக்கா,

எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்க முடியாது. நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன்: ஆத்திரத்தில் இருக்கிறேன். உன் மகள் பூங்கொடி என் வீட்டில்தான் இருக்கிறாள். உதடு வீங்கிப்போய்க் கஞ்சிகூட இறங்கவில்லை.

நம் போடிமெட்டு எஸ்டேட்டில், இந்த லயத்து வரிசை வீடுகளின் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒரு வீட்டில் அடி விழுந்தால் மற்ற வீடுகளில் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அடுத்த வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம்! நீ செத்த அன்று நான் சந்தைக்குப் போடிக்கு இறங்கியிருந்தேன். விசாரிக்க வந்த போலீஸிடம் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். "ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சுங்கய்யா. ஒண்ணும் கேக்கல." ஏலக்காட்டுச் சரிவில் நீ வழுக்கி விழுந்ததாக உன் புருசன் சொன்னான். அதோடு முடித்துவிட்டார்கள். வழுக்கி விழுந்தவள் கழுத்தில் விரல் தடம் எப்படி வந்தது அக்கா?

அது நடந்து மூன்று வருசம் ஆகிறது. இப்போது ரேடியோவே இதைப் பேசுகிறது. ஞாயிறு மத்தியானம் பெண்கள் நிகழ்ச்சியில் ஒரு டாக்டரம்மா வருகிறார். பெண்டாட்டியை அடிப்பதும் பிள்ளைக்குச் சூடு வைப்பதும் குற்றம், அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கக் கூடாது என்கிறார். நாடகமும் போட்டார்கள். அதைக் கேட்டு, அடி வாங்கியவளுக்காக நம் அடுத்த வீட்டு முத்தம்மா மூக்கைச் சிந்தி அழுதாள். "கட்டையில போறவன், அவன் கை வெளங்குமா?" என்று நாடகத்துப் புருசனைத் திட்டித் தீர்த்தாள். உன் புருசனை ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா?

போன ஞாயிறு அந்த நிகழ்ச்சி ஓடும்போதே உன் வீட்டில் பூங்கொடி அலறினாள். குடத்தைப் போட்டு உடைத்துவிட்டாளாம். முத்தம்மா எட்டி ரேடியோவைக் கூட்டினாள். வரிசையாக எல்லா வீட்டிலும் கூட்டினார்கள். குழந்தைகளை அடிக்காதீர்கள் என்று டாக்டரம்மா லயம் முழுக்கக் கத்துகிறார், அதற்கடியில் உன் பிள்ளை கத்துகிறது. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

நேரே போய் முத்தம்மா வீட்டு ரேடியோவை அணைத்தேன்.

"ஏ, கிறுக்கா ஒனக்கு? நல்ல விசயம் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"கேட்டுட்டேல்ல? வெரசா எந்திரிச்சு வா!"

மற்ற வீடுகளிலும் நுழைந்து அணைத்தேன். அதற்குப் பிறகு பிள்ளையின் குரல் எல்லோருக்கும் கேட்டது. கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்க யாருக்கும் வழியில்லை. பெண்கள் சேர்ந்து போய் வாசலில் நின்றதும் உன் புருசன் கை இறங்கியது. நான் பூங்கொடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விட்டார்களா? நேற்று கங்காணி வந்தார். "புள்ளைய அப்பன்கிட்ட விட்டுரு ஆத்தா. அடுத்தவன் குடும்பத்துல நமக்கென்ன சோலி?" என்கிறார். ஒரு ஞாயிறு விடாமல் அந்த நிகழ்ச்சியைக் கேட்கிற மனுசன்! முத்தம்மாவும் இப்போது அவருக்குத் தலையாட்டுகிறாள். இவர்களுக்கு என்னதான் காதில் ஏறுகிறது?

இன்று காலை பூங்கொடி தானாக வாயைத் திறந்தாள். "சித்தி, ஆத்தா செத்தன்னிக்கு நானும் வீட்டுக்குள்ளதான் இருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன். எங்கிட்ட மட்டும் யாரும் கேக்கவே இல்ல."

நாளைக் காலை ஜீப்பில் அவளைக் கூட்டிக்கொண்டு போடி போலீஸ் ஸ்டேஷனுக்கு இறங்குகிறேன். அவள் சொல்வதைக் கேட்கிற வரைக்கும் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தி, உனக்குத் தங்கச்சி,
செல்லத்தாயி